டீவியில் மத்தியாஸ் பேரு

மத்தியாஸுக்குப் பயம்னா அப்படி இப்படிப் பயம் இல்ல. கடைக்குச் சீனி வாங்கப் போனாலும் சட்டைப்பையில அடையாள அட்டை இருக்கணும். இருக்கான்னு வாசல்ல ஒருக்கா தொட்டுப் பாப்பாரு, பைப்படியில ஒருக்கா, கோயில் வளைவுல ஒருக்கா. ஞாயித்துக்கிழமை பூசையில முழங்கால்ல நிக்கிறப்பயும் கை நெஞ்சுக்குத்தான் போகும். பாக்குறவங்க பக்தின்னு நினைச்சுக்குவாங்க. பக்தியாவது மண்ணாங்கட்டியாவது! அட்டை இருக்கான்னு தடவிப் பாக்குறாரு மனுசன்.

சும்மா சொல்லக் கூடாது, அவரு பயப்படுறதுக்குக் காரணமும் இருந்துச்சு. நுவரெலியா டவுன்ல ரேடியோ, டீவி திருத்துற கடை வச்சிருந்தவரு அவரு. எண்பத்திமூணு ஜூலைக் கலவரத்துல தமிழன் கடைன்னு கொளுத்திட்டாங்க. பொண்டாட்டி சுகிர்தத்தையும் மூணு வயசு மகளையும் இழுத்துக்கிட்டு ரெண்டு நாள் தேயிலைக்குள்ள ஒளிஞ்சு கிடந்து, கடைசியா சுகிர்தம் பொறந்த தோட்டத்துக்கு வந்து கீழ் லயத்து வரிசை வீட்டுல ஒரு ஒத்தை அறைக் காம்பராவுல ஒண்டிக்கிட்டாங்க. கந்தப்பளைக்கு மேல இருக்கு அந்தத் தோட்டம். பேரு வேணாம், அந்த ஆளுங்க இன்னும் அங்கதான் இருக்காங்க.

அடுத்த வருசம் பக்கத்து லயத்துச் செல்லசாமியைக் குண்டு செய்யுறான்னு பொலிஸ்ல பிடிச்சிக்கிட்டுப் போனாங்க. அவன் செஞ்ச குத்தம், திருவிழாவுக்கு மைக்செட் கட்ட வாங்குன ஒரு சுருள் வயரையும் பழைய பேட்டரியையும் காம்பராவுல வச்சிருந்தது. ஒம்பது மாசம் கழிச்சுத் திரும்பி வந்தான். வந்தவன், யாரு கூப்பிட்டாலும் எந்திரிச்சு விறைப்பா நிப்பான். சோறு தின்ன வாய்யான்னு பொண்டாட்டி கூப்பிட்டாலும் எந்திரிச்சு நிப்பான். மத்தியாஸ் அதைப் பாத்துட்டு வந்து ரெண்டு நாள் சாப்பிடல. என்னைப் பிடிச்சிக்கிட்டுப் போயிரக் கூடாது ஆண்டவரேன்னு அது ஒண்ணைத்தான் அவரு மாதாகிட்டயும் கேட்டாரு, அந்தோனியார்கிட்டயும் கேட்டாரு.

வழியில மறிச்சா உளறிரக் கூடாதுன்னு அட்டை நம்பரைப் பாடம் பண்ணினாரு. தமிழ்ல, சிங்களத்துல, இங்கிலீசுல. நடக்குறப்ப உதடு ஆடும். செபம் சொல்றாருன்னு அதுக்கும் ஒரு பேரு கிடைச்சுச்சு அவருக்கு.

இப்ப டீவி கதைக்கு வர்றேன். அந்தத் தோட்டம் ஒரு குழிக்குள்ள கிடக்குது, நாலு பக்கமும் மலை. வீட்டுக்கு வீடு ஏரியல் நட்டா ஈசல் பறக்குற மாதிரி புள்ளிதான் தெரியும். அதனால தேயிலை ஸ்டோர் மேட்டு உச்சியில ஒரே ஏரியல் நட்டு, ஒரே வயரைக் கீழ இழுத்து, தோட்டத்து மேனேஜர் துரை பங்களாவுக்கு ஒரு கிளை, கிளாக்கர்மாரு கிளப்புக்கு ஒரு கிளை, பொலிஸ் காவலுக்கு ஒரு கிளைன்னு பிரிச்சிருந்தாங்க. காவல் எங்கன்னா, கொழுந்து பறிக்கப் போறவங்க கைப்பிள்ளைங்களை விட்டுட்டுப் போவாங்களே பிள்ளைக்காம்பரா, அந்தப் பழைய கட்டடத்துல. ஒரு எஸ்.ஐ.யும் நாலு கான்ஸ்டபிளும் இருந்தாங்க. இந்த வயர் எல்லாம் இழுத்தது நம்ம மத்தியாஸ்தான். காவலுக்கு இழுத்த அன்னிக்கு அவருக்குக் காய்ச்சலே வந்திருச்சு.

இன்னொரு வழக்கமும் அங்க உண்டு. குமிழைத் திருகித் திருகி ஸ்டேஷனைப் பிடிக்கிறதுக்குள்ள உசிரு போயிரும். அதனால ஒருக்கா படம் தெளிஞ்சிருச்சுன்னா அப்புறம் ஒருத்தரும் குமிழைத் தொட மாட்டாங்க. கிளப்புல குமிழு மேல பிளாஸ்டரே ஒட்டி வச்சிருந்தாங்க. பங்களாவுல துரையே கை வைக்க மாட்டாரு.

எண்பத்தஞ்சு மாசி மாசம் துரைக்கு லண்டன்ல இருக்கிற தம்பி ஒரு கம்ப்யூட்டர் அனுப்பினான். டைப்ரைட்டர் கட்டைங்களை மட்டும் பேத்து எடுத்த மாதிரி ஒரு சாமான். அதுக்குன்னு வந்த படப்பெட்டி கப்பல்லயே கண்ணாடி உடைஞ்சு வந்துச்சு. துரை மத்தியாஸைக் கூப்பிட்டு அனுப்பினாரு. துரைன்னா நல்ல மனுசன்தான், சிங்களவரு, தமிழ் பேசுவாரு. ஆனா துரை துரைதானே.

"மத்தியாஸ், இத நம்ம டீவியில காட்டிக் குடுக்கணும். முடியுமா?"

முடியும்னு அவருக்குத் தெரியும். அதுதான் அவரு கெட்ட நேரம். கம்ப்யூட்டர்ல இருந்து வர்றது வெறும் படம். அந்த டீவிக்கு இருக்கிறது ஏரியல் ஓட்டை ஒண்ணுதான், அதுக்குள்ள ஸ்டேஷன்ல இருந்து வர்ற மாதிரி அலையில ஏறி வந்தாத்தான் டீவி அதைப் படம்னு மதிக்கும். அப்ப நடுவுல ஒரு சின்ன டப்பா வேணும், படத்தை வாங்கி அலையில ஏத்தி விடுறதுக்கு. ஒரு குட்டி ஸ்டேஷன்னே வச்சுக்குங்களேன். அந்த வார்த்தையை மனசுக்குள்ள நினைச்சதுக்கே மத்தியாஸுக்கு வேர்த்துச்சு. ஆனா கை ஊறுது பாருங்க! கடை எரிஞ்ச பிறகு இப்படி ஒரு வேலை அவரு கையில கிடைச்சதே இல்ல. செத்துப்போன வீடியோ டெக் ஒண்ணைப் பிரிச்சு, வேண்டிய சாமானை எடுத்து, பிஸ்கட் டின்னை வெட்டி, நாலு நாள்ல டப்பாவைச் செஞ்சுட்டாரு.

அஞ்சாம் நாள் மத்தியானம் பங்களாவுல மாட்டப் போனாரு. துரை சட்டம் போட்டாரு. "குமிழத் தொடக் கூடாது. ஏரியல் வயரையும் களட்டக் கூடாது. நம்ம வீட்டு நோனா நாடகம் பாக்கிறது. சுவிச்சப் போட்டா கம்ப்யூட்டர், நூத்தா நாடகம். அப்பிடி இருக்கணும்."

அது தப்புன்னு மத்தியாஸுக்குத் தெரியும். குமிழுல கொழும்பு ஸ்டேஷன் நிக்கிற அதே இடத்துல டப்பாவையும் நிறுத்தி, ஏரியலையும் கழட்டாம விட்டா, டப்பாவுல இருந்து போறது டீவியோட நிக்காது. வயர் வழியா ஏறி, மத்தக் கிளையில எல்லாம் இறங்கிரும். வாயைத் திறந்தாரு.

"சேர், அது வந்து..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல சேர்."

அட, சொல்லித் தொலைச்சிருக்கலாமே! துரை என்ன கடிச்சா திங்கப் போறாரு? ஆனா பயந்தவனுக்கு எதிர்ல நிக்கிற ஆளுதான் பெரிய பயம், நாளைக்கு வரப்போறது சின்னப் பயம். இணைப்பை முறுக்கி டேப் சுத்திட்டு, சுவிச்சைப் போட்டாரு. திரை வெளுத்து, ஓரத்துல ஒரு சின்னக் கட்டம் மினுக்கு மினுக்குன்னு நின்னுச்சு. துரை கையைத் தட்டினாரு. "சபாஷ்! எதாவது அடிச்சுப் பாரு."

எதை அடிக்கிறது? முன்னப் பின்ன கம்ப்யூட்டரைத் தொட்டிருந்தாத்தானே! துரை பின்னால நிக்கிறாரு, மனசு வெறுமையா இருக்கு. விரலு தானா போய் அவருக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணை அடிச்சுச்சு. மேல பேரு. கீழ அடையாள அட்டை நம்பரு. இங்கிலீசு எழுத்துல, கொட்டை கொட்டையா.

துரை சிரிச்சிட்டுப் பொண்டாட்டி நோனாவோட நுவரெலியாவுக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டாரு. மத்தியாஸுக்கு ஒரு தொழில் பழக்கம், எதைத் திருத்தினாலும் நாலைஞ்சு மணி நேரம் ஓட விட்டுத்தான் கையை விடுவாரு. "சூடாகி நிக்குதான்னு பாக்கணும் சேர், நீங்க வர்ற வரைக்கும் ஓடட்டும்"னு சொல்லிட்டு, பங்களாவுல சமைக்கிற அப்பு மூக்கன்கிட்ட ஒரு கப் தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு இறங்கி வந்தாரு. மத்தியானம் ஸ்டேஷன் ஓடாது, டீவி பாக்குற ஆளும் இல்ல. ஒரு பிரச்சினையும் தெரியல.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல இருக்கும். கிளப்புல வாச்சர் வேலை பாக்குற வீரய்யா மூச்சு வாங்க லயத்துக்கு ஓடி வந்தான்.

"அண்ணே! ஒங்க பேரு டீவியில வருது! பேரும் நம்பரும்! லொத்தர் சீட்டுக் கிழிச்சீங்களா? கிளாக்கர் ஐயா சொன்னாரு, கட்டாயம் லொத்தர் பரிசுதானாம்!"

மத்தியாஸ் கையில இருந்த ரொட்டி கீழ விழுந்துச்சு. சுகிர்தம் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "என்னங்க? என்ன லொத்தர்?"ங்கிறா. அவரு கணக்குப் போட்டாரு. கிளப்புல வந்துச்சுன்னா, காவல்லயும் வருது. பொலிஸ்காரங்க அஞ்சு பேரும் உக்காந்து தன்னோட பேரையும் நம்பரையும் பாத்துக்கிட்டு இருக்காங்க.

"போச்சு சுகிர்தம். எல்லாம் போச்சு"ன்னாரு. விசயத்தைச் சொன்னதும் அவ முகம் சுருங்கிருச்சு. ஆனாலும் அவளுக்கு இருந்த புத்தி இவருக்கு இல்ல. "ஓடிராதீங்க. ஓடினா வேணும்னு செஞ்சதா ஆயிரும். போய் அந்த எழவை நிப்பாட்டிட்டு வாங்க. ஓடுங்க!"ன்னு தள்ளிவிட்டா.

பங்களாவுக்குப் போற ரோட்டு காவல் வாசலைத் தொட்டுக்கிட்டுத்தான் போகுது. வேற வழியில்ல. பனி இறங்கி ரோட்டு தெரியல. மத்தியாஸ் மாதாவைக் கூப்பிட்டுக்கிட்டே நடந்தாரு. மூணு தரம் திரும்பிரலாமான்னு நின்னாரு. நாலாவது தரம் நிக்கிறதுக்குள்ள டோர்ச் வெளிச்சம் மூஞ்சியில அடிச்சிருச்சு.

"நில்லு! யாரு?" சிங்களத்துல கேட்டாங்க.

பாடம் பண்ணின வாய் சும்மா இருக்குமா? கேக்காத நம்பரையும் சேத்தே ஒப்பிச்சாரு. பேரு, நம்பரு, கடைசி எழுத்து வரைக்கும். அந்தக் கான்ஸ்டபிள் டோர்ச்சை மெதுவா இறக்கினான். திரும்பி உள்ள பாத்தான். கதவு திறந்து கிடக்கு, உள்ள டீவி. கொழும்பு நாடகத்துல ஒரு பொம்பளை அழுவுற சத்தம் கேக்குது, அவ மூஞ்சி நிழலா தெரியுது, அந்த நிழலு மேல மத்தியாஸோட பேரும் நம்பரும் அசையாம நிக்குது.

"சேர்!"னு கான்ஸ்டபிள் கத்தினான். "ஆளு வந்திருக்கான்!"

எஸ்.ஐ. வீரகோன் வெளிய வந்தாரு. முப்பது வயசு இருக்கும், அமைதியான மனுசன். மத்தியாஸோட அட்டையை வாங்கி, டீவிக்குப் பக்கத்துல பிடிச்சு, ஒவ்வொரு இலக்கமா ஒத்துப் பாத்தாரு.

"ஒரு மணி நேரமா கொழும்பு உன் பேரைப் போட்டுக்கிட்டே இருக்கு. டவுனுக்கு ஃபோன் எடுக்கிறேன், லைன் கிடைக்கல. என்ன செஞ்சே? எதுக்குத் தேடுறாங்க உன்னை?"

அப்பத்தான் மத்தியாஸுக்கு உறைச்சுச்சு. தேடப்படுற ஆளுன்னு நினைச்சிட்டாங்க! கொழும்பு போடலன்னு சொல்லணும்னா, நான்தான் போட்டேன்னு சொல்லணும். அரசாங்க டீவிக்குள்ள பூந்து எழுதினவன்னா அவனை என்ன செய்வாங்க? சும்மா இருந்தா தேடப்படுறவன், வாயைத் திறந்தா அதை விட மோசம். செல்லசாமி ஒரு சுருள் வயருக்கு ஒம்பது மாசம். இதுக்கு எத்தனை வருசம்?

"ஐயா, மாத்தயா, கொழும்பு இல்ல. நான்தான். நானே அடிச்சது."

நாலு கான்ஸ்டபிளும் எந்திரிச்சாங்க. ஒருத்தன் தோட்டா போட்ட துவக்கை எடுத்தான்.

"நீ அடிச்சியா? அரசாங்க டீவியிலயா?"

"துரையோட கம்ப்யூட்டர் மாத்தயா... பங்களாவுல... அது வயர்ல ஏறி இங்க வந்திருச்சு. நிப்பாட்டினா போயிரும். சத்தியமா போயிரும்."

காவல்ல இருந்து பங்களாவுக்குத் தோட்டத்து ஃபோன் இருந்துச்சு. எஸ்.ஐ. கைப்பிடியைச் சுத்தி, ரிசீவரை மத்தியாஸ் காதுல வச்சாரு. மூக்கன்தான் எடுத்தான்.

"அப்பு, அந்த கம்ப்யூட்டரு சுவிச்சை அணைங்க."

"ஐயையோ, நான் மாட்டேன் தம்பி! தொட்டா வேலையை விட்டுத் தூக்கிருவேன்னு துரை சொல்லிட்டுப் போயிருக்காரு. நீங்க வந்து அணைங்க."

"அப்பு, இங்க துவக்கைப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க அப்பு! ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்!"

மூக்கன் போனானா, ஃபோனை அப்படியே போட்டுட்டு ஓடினானான்னு தெரியல. மத்தியாஸ் டீவியையே பாத்தாரு. தன்னோட பேரு மேல இத்தனை வெறுப்பு ஒரு மனுசனுக்கு வந்திருக்காது. திடீர்னு ஒரு துடிப்பு, பேரு போச்சு. நாடகத்துப் பொம்பளை பளிச்சுன்னு தெரிஞ்சா, இன்னும் அழுதுக்கிட்டே. மத்தியாஸும் அழுதுட்டாரு.

எஸ்.ஐ. விடல. "திரும்பப் போடச் சொல்லு. பேரு வருதான்னு பாப்போம்."

போட்டான் மூக்கன். திரை வெளுத்துச்சு, சின்னக் கட்டம் மினுக்குச்சு. பேரைக் காணோம்.

"பேரு எங்க?"

"கரண்டை நிப்பாட்டினா அதுக்கு எல்லாம் மறந்து போயிரும் மாத்தயா."

"மறந்து போயிருமா?" எஸ்.ஐ. அவரு மூஞ்சியைப் பாத்தாரு. "கதை விடுறியா? துரை மெசின் வெள்ளையைத்தான் காட்டுது. பேரு கொழும்புல இருந்து வந்துச்சு. ஏறு ஜீப்புல."

ஜீப்புன்ன வார்த்தையைக் கேட்டதும் மத்தியாஸுக்கு மூத்திரமே போயிருச்சு. இதைச் சொல்றதுல வெக்கம் என்ன? யாருக்கும் போகும். டவுனுக்குத்தான் கொண்டு போறாங்கன்னு நினைச்சு, சுகிர்தத்துக்கு யாரு சொல்லுவாங்க, மகளுக்கு யாரு சொல்லுவாங்கன்னு புலம்பிக்கிட்டே ஏறினாரு. ஜீப் வளைவுல டவுன் பக்கம் திரும்பல. பங்களாவுக்கு ஏறுச்சு.

"இப்ப அடி. காவல் டீவியில வந்தா நம்புறேன். வரலன்னா உன் பாடு"ன்னு எஸ்.ஐ. பங்களா ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டு நின்னாரு. மூக்கன் சமையலறைக் கதவுக்குப் பின்னால நின்னு எட்டி எட்டிப் பாத்தான்.

மத்தியாஸ் பேரை அடிச்சாரு. விரலு மரத்துப் போய் ஒவ்வொரு எழுத்தையும் தேடுச்சு. நம்பரை அடிச்சாரு. எஸ்.ஐ. ஃபோன்ல கேட்டு, "கடைசி இலக்கம் தப்பு. முதல்ல வந்த நம்பர் இது இல்ல"ன்னாரு.

ஆயிரம் தரம் ஒப்பிச்ச நம்பரு! கடைசியில மூணா எட்டா? மத்தியாஸ் கண்ணை மூடினாரு, நெஞ்சுக்குள்ள ஒரு இலக்கமும் இல்ல. கை பழக்கத்துல சட்டைப்பைக்குப் போச்சு. அட்டை அங்க இல்ல. அது எஸ்.ஐ. கையில.

"மாத்தயா, அட்டையை ஒருக்கா காட்டுவீங்களா?"

எஸ்.ஐ. ஒரு நிமிசம் யோசிச்சாரு. அப்புறம் அட்டையை நீட்டினாரு. எட்டு. மத்தியாஸ் மூணை அழிச்சு எட்டை அடிச்சாரு. ஃபோனுக்குள்ள கான்ஸ்டபிள் கத்துறது அவருக்கே கேட்டுச்சு. "வந்திருச்சு சேர்! அதேதான்!"

எஸ்.ஐ. ஃபோனைக் கையில வச்சுக்கிட்டே டீவியைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. அவரு மூஞ்சி மாறுச்சு. கிட்ட வந்து, குரலை இறக்கி, "என் பேரை அடி"ன்னாரு.

வீரகோன்னு அடிச்சதும் ஃபோன்ல ஒரே ஆரவாரம். பிறகென்ன, கான்ஸ்டபிள்மாரு ஒவ்வொருத்தனும் என் பேரை, என் பேரைன்னு கத்துறான். மத்தியாஸ் அடிச்சாரு. எஸ்.ஐ. பச்சைப்பிள்ளை மாதிரி சிரிச்சாரு. மேல ஒரு தமிழ்ப் பேரு, கீழ அஞ்சு சிங்களப் பேரு. மத்தியாஸும் சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டினாரு. பேண்டு ஈரம் இன்னும் காயல.

"போதும். உன் பேரை எடு"ன்னாரு எஸ்.ஐ. மத்தியாஸ் ஒவ்வொரு எழுத்தா அழிச்சாரு. அந்த வரி காலியானப்ப அவருக்கு மூச்சே அப்பத்தான் வந்துச்சு. சுவிச்சை நூத்து, முறுக்கின வயரைப் பிரிச்சு, டப்பாவைக் கழட்டி மேசை மேல வச்சாரு. எஸ்.ஐ. அட்டையைத் திருப்பிக் கொடுத்தாரு. கொடுக்கிறப்ப, சிநேகமாத்தான் கேட்டாரு.

"மத்தியாஸ், இந்த மாதிரி சாமான் செய்யத் தெரிஞ்ச ஆளுங்க இந்தப் பக்கம் எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தான் மாத்தயா."

"அப்ப ஞாபகம் வச்சுக்கிறது லேசு"ன்னு தோள்ல தட்டிட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு.

மத்தியாஸ் லயத்துக்கு இறங்கி வந்தப்ப காம்பராவெல்லாம் ஒரே புகை. ஜீப்புல ஏத்தினதைப் பாத்துட்டு வீரய்யா ஓடி வந்து சொல்லியிருக்கான். சோதனைக்கு வந்திருவாங்கன்னு சுகிர்தம் வீட்டுல இருந்த அத்தனையையும் அடுப்புல போட்டுக்கிட்டு இருந்தா. வயரு, ரேடியோ பலகைங்க, கண்டியில தொழில் படிச்ச காலத்துல இருந்து அவரு கையால சர்க்யூட் படம் வரைஞ்சு, ஒளிஞ்சு கிடந்தப்பயும் விடாம கொண்டு வந்த ஏழு நோட்டுக் கொப்பி. ஏழாவது கொப்பி பாதி எரிஞ்சிருந்துச்சு. அவரைக் கண்டதும் எழும்பி வந்து கையைத் தொட்டுப் பாத்தா, மூஞ்சியைத் தொட்டுப் பாத்தா. அப்புறம் அடுப்பைத் திரும்பிப் பாத்து, "ஐயோ, நான் என்னங்க செஞ்சிட்டேன்!"னு தலையில அடிச்சுக்கிட்டா.

"நல்ல வேலை செஞ்ச புள்ள"ன்னாரு மத்தியாஸ். பிஸ்கட் டின் டப்பாவுக்கு வரைஞ்ச படம் பேண்டுப் பையில மடிச்சு இருந்துச்சு. அதை எடுத்து அவரே அடுப்புக்குள்ள வச்சு, குச்சியால உள்ள தள்ளினாரு.

மறுவாரம் கணக்கப்பிள்ளையைப் பாத்துத் தோட்ட வேலைக்குப் பேரைக் கொடுத்து, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனாரு. டீவி திருத்துன கையில கவ்வாத்துக் கத்தி. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நாள், மலையில வேலை எப்படி நடக்குதுன்னு பாக்க வந்த துரை அவரை அடையாளம் கண்டு நின்னாரு.

"அடே மத்தியாஸ், பங்களாவுல டீவி படம் சரியில்ல. வந்து பாரு."

மத்தியாஸ் கத்தியைக் கீழ வச்சிட்டு, எந்திரிச்சு விறைப்பா நின்னாரு. "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க சேர்."

"தெரியாதா? நீதானே அந்த வயர் எல்லாம் இழுத்தது?"

"இல்லீங்க சேர். அது வேற ஆளு."